உருளும் பந்தும் இலத்திரனின் கறங்கலும்

ஒரு டெனிஸ் பந்தை எடுத்து அதன் உச்சியில் பேனாவால் ஒரு புள்ளி இடுங்கள். தரையில் வைத்து, வழுக்கவும் விடாமல் திருகவும் விடாமல், உள்ளங்கையால் மெல்ல உருட்டுங்கள். பந்தின் விட்டம் ஏறக்குறைய 6.7 சென்ரிமீற்றர், சுற்றளவு 21 சென்ரிமீற்றர். ஆகவே 10.5 சென்ரிமீற்றர் உருண்டதும் புள்ளி அடியில் இருக்கும், 21 இல் மறுபடி உச்சிக்கு வரும். மெல்ல உருட்டினாலும் விரைவாக உருட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. பந்து எவ்வளவு திரும்பியது என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறது, நேரம் அல்ல.

குறைகடத்தியின் மெல்லிய படை ஒன்றுக்குள் ஓடும் இலத்திரனின் கறங்கலும் (ஸ்பின்) இந்த விதிப்படியே திரும்புகிறது. இதை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு திருத்தங்களை விட்டுவிட்டால், ரஷ்பா விளைவு என்று பெயர்பெற்ற இந்தத் திரும்பலுக்கு எழுதும் சமன்பாடும் வழுக்காமல் உருளும் பந்துக்கு எழுதும் சமன்பாடும் ஒன்றே. பந்தின் அளவு மட்டும் வேறு: இலத்திரனுக்கு அதன் சுற்றளவு அரை மைக்ரோமீற்றருக்குக் கிட்ட. உயர்தரப் பௌதிகவியலை முடித்துவிட்டு திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டுக்குப் போகும் மாணவர் ஒருவர் இந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இத்துறையின் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளலாம். பின்னால் இரண்டு இடங்களில் பந்து மறுபடி தேவைப்படும், பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கறங்கல்: எது சுற்றுகிறது?

உயர்தர இரசாயனவியலில் நான்கு சக்திச் சொட்டெண்கள் படித்திருப்பீர்கள். நான்காவது கறங்கல் சக்திச் சொட்டெண், அதன் பெறுமானம் கூட்டல் அரை அல்லது கழித்தல் அரை. பேச்சில் எல்லோரும் ஸ்பின் என்றே சொல்கிறோம். 1922 இல் பிராங்பேர்ட்டில் ஸ்டேர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலம் ஒன்றினூடாக அனுப்பினார்கள். கற்றை பரவலாக அகலாமல் இரண்டாகப் பிரிந்தது. அதற்குக் காரணம் இலத்திரனுக்கே உரிய ஒரு கோண உந்தம் என்று 1925 இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்வைத்தார்கள்.

பம்பரம் போல இலத்திரன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று நினைத்தால் உடனே சிக்கல் வரும். அவ்வளவு கோண உந்தத்தை அவ்வளவு சிறிய உருண்டை தரவேண்டுமானால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓடவேண்டும். ஆகவே எதுவும் சுற்றவில்லை. கறங்கல் என்பது திணிவு, ஏற்றம் போல இலத்திரனோடு கூடவே வரும் ஓர் இயல்பு. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: இலத்திரன் ஒரு சிறு காந்தம், அதற்கு ஒரு திசை உண்டு, காந்தப்புலத்தில் வைத்தால் அந்தத் திசை புலத்தைச் சுற்றி வலம் வரும். வெற்றிடத்தில் 1 தெஸ்லா புலத்தில் அது செக்கனுக்கு 2800 கோடி முறை வலம் வருகிறது. பந்தில் நீங்கள் இட்ட புள்ளி இந்தத் திசையைக் குறிக்கும். புள்ளி திரும்புவது கறங்கலின் திசை திரும்புவதைக் காட்டுகிறது. இலத்திரன் தானாகப் புரள்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

காற்றில்லாத வீதியில் முகத்தில் காற்று

உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள். ஓலைகூட அசையாத நேரம். ஆனாலும் முகத்தில் காற்று அடிக்கிறது. நின்றால் நின்றுவிடுகிறது, வேகம் கூடினால் கூடுகிறது, திரும்பி வந்தால் எதிர்த்திசையிலிருந்து அடிக்கிறது. மின்புலத்தினூடாக ஓடும் இலத்திரனுக்கும் இப்படித்தான். வெளியில் நிற்பவருக்கு அங்கே மின்புலம் மட்டுமே உண்டு. ஓடுகிற இலத்திரனுக்கோ அதோடு ஒரு காந்தப்புலமும் சேர்ந்து தெரியும். அந்தப் புலம் ஓடும் திசைக்கும் மின்புலத்துக்கும் செங்குத்தானது. இலத்திரனின் கறங்கல் அந்தப் புலத்தைச் சுற்றித் திரும்பும். ஓட்டத்தையும் கறங்கலையும் பிணைக்கிற இதையே கறங்கல்–சுற்றுப்பாதை இணைப்பு என்கிறோம்.

இதன் தடயத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நிலாவெளி உப்பில் ஒரு சிட்டிகையை நீலச் சுவாலையில் தூவினால் மஞ்சள் ஒளி எழும். அது சோடியத்தின் மஞ்சள். நெருக்கமாகக் கோடுகள் கீறிய கண்ணாடித் தட்டு பொருத்திய நிறமாலைமானியால் பார்த்தால் அந்த மஞ்சள் ஒற்றைக் கோடு அல்ல: 589.0 நனோமீற்றரில் ஒன்று, 589.6 இல் இன்னொன்று. சக்தியில் இந்த இடைவெளி 2.1 மில்லி இலத்திரன்வோல்ற்று. சோடிய அணுவின் வெளி இலத்திரன் கருவைச் சுற்றும்போது அது உணரும் காந்தப்புலம் ஏறக்குறைய 18 தெஸ்லா என்பதே இதன் பொருள். வைத்தியசாலை எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பலவற்றின் புலம் 1.5 தெஸ்லா. சுவாலையில் ஒளிரும் சோடிய அணுவுக்குள் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு வலிய காந்தம் சும்மா இருக்கிறது!

கரு பெரிதானால் அதன் அருகே மின்புலம் வலுக்கும், அங்கே இலத்திரனின் வேகமும் கூடும். எனவே அணுவெண் கூடக்கூட இணைப்பும் விரைவாக வளர்கிறது. குறைகடத்திகளில் இதை அளக்க வலுவளவுப் பட்டையின் (பிணைப்பு இலத்திரன்கள் நிரப்பும் சக்தி மட்டங்களின் தொகுதி) ஒரு கிளை மற்றவற்றிலிருந்து எவ்வளவு கீழே பிரிந்து கிடக்கிறது என்று பார்ப்பார்கள். சிலிக்கனில் அது 0.044 இலத்திரன்வோல்ற்று, காலியம் ஆர்சனைட்டில் 0.34, இந்தியம் அன்டிமனைட்டில் 0.8. அணுவெண்கள் முறையே 14, பிறகு 31 உம் 33 உம், பிறகு 49 உம் 51 உம்.

சமச்சீர் குலைந்தால்தான் கதை தொடங்கும்

இங்கேதான் முதன்முறை படிப்பவர்கள் தடுமாறுவார்கள். இணைப்பு இவ்வளவு வலியதென்றால், எந்தக் குறைகடத்தியில் ஓடும் இலத்திரனின் கறங்கலும் திரும்பவேண்டுமே? சிலிக்கனுக்குள் அப்படி நடப்பதில்லை. காரணம் சமச்சீர்.

இரண்டு விதிகளைச் சேர்த்துப் பாருங்கள். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் இலத்திரனின் ஓட்டமும் மறுதிசையாகும், கறங்கலும் மறுதிசையாகும், சக்தி மாறாது. எனவே வலப்பக்கம் ஓடும் மேல்-கறங்கலுக்கும் இடப்பக்கம் ஓடும் கீழ்-கறங்கலுக்கும் ஒரே சக்தி. பளிங்கு மையம்பற்றிச் சமச்சீரானதென்றால், வலமும் இடமும் வேறுபடாது: வலப்பக்கம் ஓடும் கீழ்-கறங்கலுக்கும் இடப்பக்கம் ஓடும் கீழ்-கறங்கலுக்கும் ஒரே சக்தி. இரண்டையும் இணைத்தால் வலப்பக்கம் ஓடும் மேலுக்கும் கீழுக்கும் ஒரே சக்தி என்று வரும். சக்தியில் பிரிவில்லை என்றால், கறங்கலைத் திருப்புவதற்குப் புலமும் இல்லை.

ஆகவே மையச் சமச்சீர் குலையவேண்டும். அது இரண்டு வழிகளில் குலையும். காலியம் ஆர்சனைட்டில் ஒரு பக்கம் காலியம், மறுபக்கம் ஆர்சனிக் என்று பளிங்கே ஒருதலைப்பட்சமாக அமைந்திருக்கிறது. அதிலிருந்து வரும் பிரிவை 1955 இல் டிரெசல்ஹவுஸ் காட்டினார். மற்றது நாமே கட்டும் அமைப்பின் சமச்சீரின்மை. மெல்லிய படையொன்றின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் வேறுபட்டால் இலத்திரன் ஒரு பக்கமாகச் சாய்க்கப்படும். 1984 இல் பிச்கோவும் ரஷ்பாவும் இப்படிப்பட்ட படைகளுக்கான எளிய வடிவத்தைக் கொடுத்தார்கள். முதல் வழியைப் பளிங்கு தீர்மானித்துவிடும், நம்மால் மாற்ற முடியாது. இரண்டாவதை ஒரு மின்வாயில் வோல்ற்றளவைக் கூட்டிக் குறைத்தே மாற்றலாம். ரஷ்பா விளைவுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதுவே காரணம்.

ஒரு தவறான எண்ணத்தை இப்போதே களைந்துவிடுவது நல்லது. மின்வாய் தரும் மின்புலத்தை எடுத்து, அதை வெற்றிடச் சூத்திரத்தில் இட்டுக் கணக்குப் பார்த்தால் விடை பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் குறைவாக வரும். பல அறிமுகக் கட்டுரைகள் இந்த இடத்தை மழுப்பிவிடுகின்றன. உண்மையில் வேலை செய்வது கருக்களின் அருகிலுள்ள மாபெரும் புலம். மின்வாயும் படையின் விளிம்புகளும் செய்வது, அந்தக் கருப்புலங்களின் பங்களிப்புகள் ஒன்றையொன்று கழித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே. அதனால்தான் ஒரே மின்புலத்தில் இந்தியம் ஆர்சனைட்டின் ரஷ்பா விளைவு காலியம் ஆர்சனைட்டினதைவிட இருபது மடங்குக்கு மேல் வருகிறது.

படையை எப்படிக் கட்டுவது

வழமையான ஓர் அமைப்பு இது. இந்தியம் பொஸ்பைட்டு அடித்தட்டு. அதன்மேல் இந்தியம் அலுமினியம் ஆர்சனைட்டு. அதன்மேல் 10 முதல் 20 நனோமீற்றர் தடிப்பில் இந்தியம் காலியம் ஆர்சனைட்டு. மேலே மறுபடி இந்தியம் அலுமினியம் ஆர்சனைட்டு. நடுப்படையில் இலத்திரனின் சக்தி குறைவு, ஆகவே அது அங்கேயே தங்கிவிடும். இதற்குக் குவாண்டம் கிணறு என்று பெயர். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் போலக் குழியொன்று இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே ஆழம் சக்தியில்தான். இடத்தில் அது தட்டையான ஒரு தாள். இலத்திரன் அந்தத் தாளின் தளத்தில் எங்கும் ஓடலாம், மேலும் கீழும் போக முடியாது. மிகையான இலத்திரன்களைத் தரும் சிலிக்கன் மாசை நடுப்படைக்குள் இடுவதில்லை. சில நனோமீற்றர் தள்ளி, ஒரு பக்கத் தடுப்புப் படையில் மட்டும் இடுவார்கள். மாசு தூரத்தில் இருப்பதால் இலத்திரன் அதில் மோதுவது குறையும். ஒரு பக்கம் மட்டும் இடுவதால் சமச்சீரும் குலையும். ஒரே செயலில் இரண்டு பயன்.

இப்படைகளை மீயுயர் வெற்றிடத்தில், அணுக்கற்றைகளைச் சூடான தட்டின்மேல் விழச்செய்து, செக்கனுக்கு ஏறத்தாழ ஓர் அணுப்படை என்ற வேகத்தில் வளர்ப்பார்கள். கடைசியாக மேலே ஒரு மின்கடத்தாப் படையும் உலோக மின்வாயும்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். இலத்திரனின் விளைவுறு திணிவு, அதாவது பளிங்குக்குள் ஓடும்போது அது காட்டும் திணிவு, வெற்றிடத் திணிவின் 0.05 மடங்கு என்று எடுப்போம். ரஷ்பா விளைவின் வலிமையைச் சொல்லும் மாறிலியை அல்பா என்பார்கள். நித்தாவும் கூட்டாளிகளும் 1997 இல் இத்தகைய படையொன்றில் மின்வாயால் அதை மாற்றிக் காட்டியபோது அது, இலத்திரன்வோல்ற்று-மீற்றர் அலகில், ஒன்றை ஆயிரம் கோடியால் வகுத்து வருவதன் பத்திலொரு பங்கை ஒட்டி இருந்தது. இந்த இரண்டும் போதும், பந்தின் அளவு கிடைத்துவிடும்: ஆரை 76 நனோமீற்றர், சுற்றளவு ஏறக்குறைய 480 நனோமீற்றர். 240 நனோமீற்றர் ஓடினால் கறங்கல் தலைகீழாகும். சதுரச் சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி இலத்திரன் என்ற அடர்த்தியில் அவை செக்கனுக்கு 580 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். 240 நனோமீற்றரைக் கடக்க 0.4 பிக்கோசெக்கன் போதும். மேல்-கீழ் சக்தி வேறுபாடு 5 மில்லி இலத்திரன்வோல்ற்று. வெற்றிட இலத்திரன் ஒன்றுக்கு இதே வேறுபாட்டை வெளிக்காந்தத்தால் கொடுக்க 43 தெஸ்லா வேண்டும். மின்வாயில் ஒரு சில வோல்ற்றை மாற்றுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பந்து சொல்லும் மூன்று விடயங்கள்

உருளும் பந்தின் அச்சு எங்கே இருக்கிறது? தரைக்குச் சமாந்தரமாக, ஓடும் திசைக்குச் செங்குத்தாக. ரஷ்பா புலமும் சரியாக அங்கேதான்: படையின் தளத்துக்குள், ஓட்டத்துக்குச் செங்குத்தாக. எனவே அச்சின் நுனியில் ஒரு புள்ளி இட்டால், எவ்வளவு தூரம் உருட்டினாலும் அது நகராது. பரிசோதனையில் இதைக் கவனிக்காமல் விடுவோர் உண்டு. காந்த மின்வாயை ஓட்டத்துக்குக் குறுக்காகக் காந்தமேற்றி இலத்திரனை உள்ளே விட்டால், அதன் கறங்கல் புலத்தின் வழியே கிடக்கும், எந்த வோல்ற்றளவிலும் திரும்பாது. ஓட்டத் திசையில் அல்லது படைக்குச் செங்குத்தாகக் காந்தமேற்றினால்தான் சுழற்சி தெரியும்.

இரண்டாவது, ஏற்கெனவே சொன்னது: தூரமே கணக்கு. வேகமான இலத்திரன் கூடிய புலத்தை உணரும், ஆனால் அதே தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். இரண்டும் சரியாகக் கழிந்துபோகும். திருகோணமலையின் 35 பாகை மதிய வெயிலில் வெப்பச் சக்தி 26 மில்லி இலத்திரன்வோல்ற்றுக்கு மேல். இலத்திரன்களின் வேகம் பலவிதமாகச் சிதறிக்கிடக்கும். ஆனாலும் நேர்கோட்டில் ஓடினால் எல்லாம் ஒரே அளவு திரும்பும். 1990 இல் சுப்ரியோ தத்தாவும் பிஸ்வஜித் தாசும் முன்வைத்த கறங்கல் திரான்சிற்றரின் உயிர்நாடி இதுவே. ஒரு காந்த மின்வாயிலிருந்து இலத்திரன் புறப்படும். நடுவிலுள்ள மின்வாய் பந்தின் அளவை மாற்றும். மறுமுனைக் காந்தம் சரியான திசையில் வரும் கறங்கலை மட்டும் உள்ளே விடும். சுவர் எழுப்பி ஓட்டத்தை நிறுத்தத் தேவையில்லை, திசையைத் திருப்பினால் போதும்.

எளிமையான யோசனைதான், ஆனால் செய்துகாட்டப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2009 இல்தான் இந்தியம் ஆர்சனைட்டுப் படையில், தாழ்ந்த வெப்பநிலையில், மின்வாயை மாற்ற மாற்ற சமிக்ஞை ஏறியிறங்கும் அளவீடு வெளிவந்தது. தாமதத்துக்கான முதற்காரணம் நுழைவாயிலில் இருந்தது. உலோகத்தின் தடை மிகக் குறைவு, குறைகடத்தியின் தடை மிக அதிகம். இரண்டையும் நேரே தொடவிட்டால் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது குறைகடத்தியே, அதற்கு மேல்-கறங்கலும் கீழ்-கறங்கலும் ஒன்றுதான். ஆகவே உலோகத்தில் இருந்த கறங்கல் வேறுபாடு வாசலிலேயே கரைந்துவிடும். இதை 2000 இல் ஷ்மிட் முதலானோர் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு ரஷ்பா மருந்தும் சொன்னார்: இடையே ஒன்றிரண்டு நனோமீற்றர் மின்கடத்தாப் படை வையுங்கள், அதனூடு ஊடுருவும் தடை மேலுக்கும் கீழுக்கும் வேறுபடுவதால் கறங்கல் காப்பாற்றப்படும் என்று. காந்தமே வேண்டாம் என்றால் ஒளி உண்டு. வட்டமுனைவுற்ற ஒளியைக் காலியம் ஆர்சனைட்டில் பாய்ச்சினால் இரு கறங்கல்களும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிறக்கும், அதாவது ஒரு திசைக் கறங்கல் 50 சதவீதம் மிகை; இந்த மிகையையே முனைவு என்கிறோம்.

இன்னொரு தொல்லை மின்வாயிலேயே இருக்கிறது. வோல்ற்றளவை மாற்றும்போது சாய்வும் மாறும், இலத்திரன் அடர்த்தியும் மாறும். கிடைத்த மாற்றம் எதனால் என்று பிரித்தறிய முடியாது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மின்வாய்கள் இருந்தால், ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து அடர்த்தியை நிலையாக வைத்தபடி சாய்வை மட்டும் மாற்றலாம். மின்கடத்தாப் படையில் ஏற்றங்கள் சிக்கிக்கொண்டால் வோல்ற்றளவை ஏற்றும்போது ஒரு வளையியும் இறக்கும்போது வேறொரு வளையியும் வரும். எனவே ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தியைத் தனியே அளந்து குறிக்கவேண்டும், வோல்ற்றளவை நம்பக்கூடாது.

மூன்றாவது விடயம்தான் நமக்கு மிகப் பிடித்தது. பந்தை மறுபடி எடுங்கள்.

புள்ளி உச்சியில். கிழக்கே கால் சுற்று, அதாவது 5.25 சென்ரிமீற்றர் உருட்டுங்கள். புள்ளி கிழக்கைப் பார்க்கும். அங்கிருந்து வடக்கே கால் சுற்று. புள்ளி இப்போது அச்சின் நுனியில் இருப்பதால் அசையாது, கிழக்கையே பார்க்கும். மேற்கே கால் சுற்று, புள்ளி உச்சிக்கு வரும். தெற்கே கால் சுற்று. பந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது, ஆனால் புள்ளி உச்சியில் இல்லை, தெற்கைப் பார்க்கிறது. அதே சதுரத்தை மறுவழியாகச் சுற்றுங்கள்: வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. இம்முறை புள்ளி மேற்கைப் பார்க்கும். விடை வேறாக வந்தால் பந்து வழுக்கியிருக்கும், அல்லது கை அதை நிலைக்குத்து அச்சில் கொஞ்சம் திருகியிருக்கும். பளபளப்பான தரையோட்டை விடப் பாய் நல்லது.

திருப்பங்களின் வரிசை மாறினால் விளைவு மாறும். இந்தச் சின்ன உண்மையிலிருந்தே அடுத்தது எல்லாம் வருகிறது.

மோதி மோதி ஓடும்போது

உண்மையான படையில் இலத்திரன் நேரே ஓடாது. மாசுகளிலும் சாலக அதிர்வுகளிலும் மோதித் திசை மாறும். திசை மாறும்போதெல்லாம் அச்சும் மாறும். ஒன்றாகப் புறப்பட்ட ஆயிரம் இலத்திரன்களும் வெவ்வேறு வழிகளில் போய் வெவ்வேறு திசைகளைப் பார்த்து நிற்கும். கறங்கலின் முனைவு இப்படித் தொலைவதை 1971 இல் டியாகொனோவும் பெரெலும் விளக்கினார்கள்.

இதில் மனத்துக்கு முரணாகப் படும் ஒன்று உண்டு: அடிக்கடி மோதினால் கறங்கல் நீண்ட நேரம் பிழைக்கும். கணக்கிட்டுப் பார்ப்போம். மோதல்களுக்கிடையே 10 நனோமீற்றர் மட்டுமே ஓடினால், 76 நனோமீற்றர் ஆரையுள்ள பந்து ஒவ்வோர் அடியிலும் 7.5 பாகைதான் திரும்பும். திருப்பங்கள் தாறுமாறான திசைகளில் வருவதால் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். மொத்தத் திருப்பம் அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் போலத்தான் வளரும். திசை நன்றாகக் கலைய 58 அடிகள் வரை வேண்டும். 165 நனோமீற்றர் தடையின்றி ஓடும் தூய படையிலோ ஒரே ஓட்டத்தில் 124 பாகை திரும்பி, ஒன்றிரண்டு மோதலிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

அப்படியானால் அழுக்கான படையே நல்லதா? இல்லை. 58 அடிகளில் இலத்திரன் தாறுமாறாக அலைந்து நிகரமாக எவ்வளவு தூரம் போயிருக்கும்? 58 இன் வர்க்கமூலம் 7.6. அதை 10 நனோமீற்றரால் பெருக்கினால் 76. பந்தின் ஆரையே திரும்ப வருகிறது! மோதலைக் கூட்டினால் நேரம் நீளும், தூரம் நீளாது. கறங்கல் தன் திசையைக் காப்பாற்றிக்கொண்டு பரவக்கூடிய தூரம் பந்தின் அளவை ஒட்டியே நிற்கும். ஆய்வுக் கட்டுரையொன்றில் நீண்ட கறங்கல் ஆயுளைப் பார்த்தவுடன், அது நேரத்தைச் சொல்கிறதா தூரத்தைச் சொல்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்தையும் நீட்ட வழியுண்டா? உண்டு, ஒடுக்கமான வழியில் விட்டால். படையைப் பந்தின் ஆரையைவிட ஒடுங்கிய கம்பியாகச் செதுக்கினால், இலத்திரன் முன்னும் பின்னும்தான் போக முடியும். முன்னே உருண்டது பின்னே உருளும்போது அப்படியே அவிழும். எத்தனை முறை மோதித் திரும்பினாலும், கடைசியில் அது நிற்கும் இடம்தான் திசையைச் சொல்லும். 2006 இல் இந்தியம் காலியம் ஆர்சனைட்டுக் கம்பிகளை ஒடுக்க ஒடுக்கக் கறங்கலின் ஆயுள் கூடுவது அளந்து காட்டப்பட்டது.

இன்னொரு வழி, டிரெசல்ஹவுஸ் பங்கையும் ரஷ்பா பங்கையும் சமமாக்குவது. பளிங்கின் குறித்த தளத்தில் வளர்த்த கிணற்றில் இரண்டும் சமமானால், ஒரு திசையில் அவை கூடும், செங்குத்துத் திசையில் முற்றாகக் கழியும். பந்து தேர்ச் சில்லாகிவிடும். தேர் முன்னே போனால் சில்லு உருளும், பக்கவாட்டில் நகர்த்தினால் சில்லு இழுபடுமே தவிர உருளாது. எந்த வளைவுநெளிவில் போனாலும், முன்னோக்கி எவ்வளவு தூரம் என்பதே திருப்பத்தைத் தீர்மானிக்கும். 2006 இல் பெர்னவிக், ஓரன்ஸ்ரைன், ஷாங் மூவரும் இதிலிருந்து நெடுங்காலம் நிற்கும் திருகுச்சுருள் வடிவக் கறங்கல் அமைப்பொன்றை எதிர்பார்த்தார்கள். 2009 இல் காலியம் ஆர்சனைட்டுக் கிணறுகளில் அது காணப்பட்டது.

பந்தின் அளவை அளப்பது

அல்பாவை அளக்க அதிகம் பயன்படும் முறை நீங்கள் பாயில் உருட்டிய சதுரம்தான். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இலத்திரன் அலைபோல நடக்கும். மோதி மோதிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒவ்வொரு வளையத்தையும் அது இரு திசைகளிலும் சுற்றும், இரண்டு அலைகளும் வீட்டில் சந்திக்கும். கறங்கல் திரும்பாவிட்டால் இரண்டும் கூடிப் பெருகும், இலத்திரன் திரும்பிவரும் வாய்ப்புக் கூடும், தடை சற்றுக் கூடும். கறங்கல் திரும்பினால், ஒரு சுற்றில் தெற்கைப் பார்த்த புள்ளி மறுசுற்றில் மேற்கைப் பார்த்ததுபோல, இரண்டும் ஒத்துவராது. அதற்கு மேலாக, அரைக் கறங்கலுக்கு ஒரு விசேடம் உண்டு: ஒரு முழுச்சுற்றுத் திரும்பினால் அதன் அலையின் குறி மாறிவிடும், இரண்டு முழுச்சுற்றுக்குப் பிறகே பழையபடியாகும். பந்துக்கு இது கிடையாது, ஒப்புமை இங்கே முடிகிறது. இதனால் இரண்டு அலைகளும் சராசரியில் ஒன்றையொன்று குறைக்கும், தடை சற்றுக் குறையும்.

சிறிய வெளிக்காந்தப்புலம் கொடுத்தால் இந்தக் குறுக்கீடு கலைந்துவிடும். ஆகவே புலத்துக்கு எதிரே கடத்துதிறனை வரைந்தால் பூச்சியத்தில் ஒரு சிறு கூர்முனை தெரியும். அதன் அகலம் பெரும்பாலும் சில மில்லி தெஸ்லா. அந்த வளையியின் வடிவத்திலிருந்து பந்தின் ஆரையைக் கணிப்பார்கள்.

இந்த அளவீட்டில் பிழைக்கும் இடங்கள் சில. மீகடத்திக் காந்தத்தில் முந்திய அளவீட்டின் எச்சப்புலம் சில மில்லி தெஸ்லா சிக்கியிருக்கலாம். அப்போது கூர்முனை பூச்சியத்தில் நிற்காது. புலத்தை மெதுவாக, இரு திசையிலும் ஓட்டி நடுவைக் கண்டுபிடிக்கவேண்டும். மின்னோட்டம் அதிகமானால் வெப்பமானி 1 கெல்வின் என்று காட்டினாலும் இலத்திரன்கள் சூடாகியிருக்கும், கூர்முனை மழுங்கும். மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். வளையி மாறினால் முன்னையது செல்லாது. கூர்முனையே இல்லை என்றால் அல்பா பூச்சியம் என்று முடிவுகட்டவும் கூடாது. இலத்திரன் தன் அலைத்தன்மையைக் காக்கும் தூரம் பந்தைவிடச் சிறிதாக இருந்தாலும் இதே விளைவுதான்.

ஓடாத இலத்திரன்

கிணற்றை எல்லாப் பக்கமும் மின்வாய்களால் அடைத்தால் ஒற்றை இலத்திரன் சில பத்து நனோமீற்றர் அகலமான தீவுக்குள் சிறைப்படும். இது குவாண்டம் புள்ளி. இதற்குள் சராசரி ஓட்டம் பூச்சியம், பந்து இருந்த இடத்தில் இருக்கிறது. இணைப்பு ஏறத்தாழ மௌனமாகிவிடும். காலியம் ஆர்சனைட்டுப் புள்ளியில், 1 தெஸ்லாவில், கறங்கல் மேலிருந்து கீழே விழ ஒரு செக்கனுக்கு மேல் எடுத்ததை 2008 இல் அளந்தார்கள். படையில் பிக்கோசெக்கனில் தொலைந்த அதே கறங்கல்!

ஆனால் மௌனமாக இருப்பதை நாம் விரும்பியபோது பேசவைக்கலாம். பக்கத்து மின்வாயில் மாறுதிசை வோல்ற்றளவு கொடுத்து, கறங்கல் வலம்வரும் அதே அதிர்வெண்ணில் தீவை அசைத்தால், பந்து முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் ஒரு மாறும் காந்தப்புலமாகத் தெரிந்து கறங்கலைத் திருப்பும். 2007 இல் டெல்ஃப்ட்டில் ஒற்றை இலத்திரனை இப்படி மின்புலத்தால் மட்டுமே திருப்பினார்கள். குவாண்டம் கணினியின் தகவல் அலகான கியூபிட் ஒன்றைத் திருப்ப ஒவ்வொன்றுக்கும் அருகே காந்தச் சுருள் வைக்கவேண்டிய தேவை இதனால் இல்லாமற் போகிறது.

அங்கே மிஞ்சும் தொல்லை சுற்றுப்பாதையிலிருந்து வருவதல்ல, அணுக்கருக்களிலிருந்து. காலியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் எல்லா நிலையான சமதானிகளிலும் கருக்கறங்கல் உண்டு. இலட்சக்கணக்கான கருக்கள் இலத்திரனைக் குழப்பிப் பத்து நனோசெக்கன் அளவில் அதன் கட்டத்தை, அதாவது வலம்வரும் சுற்றில் அது எங்கே நிற்கிறது என்பதை, கலைத்துவிடும். இயற்கைச் சிலிக்கனில் கருக்கறங்கலுள்ளவை 4.7 சதவீதம் மட்டுமே, அதையும் நீக்கிச் சிலிக்கன்-28 ஆகத் தூய்மையாக்கலாம். அப்படியொரு புள்ளியில் 2014 இல் இந்த நேரம் 120 மைக்ரோசெக்கனாக அளக்கப்பட்டது. கரு இலேசானதாக இருப்பதால் சிலிக்கனில் இணைப்பு மெலிது, பந்து மிகப் பெரியது. ஆகவே மின்புலத்தால் மட்டும் திருப்புவது கடினம். பலர் புள்ளியின் அருகே ஒரு சிறு கோபால்ற்றுக் காந்தத்தைப் படியவைத்து, சீரற்ற அதன் புலத்துக்குள் இலத்திரனை அசைக்கிறார்கள். ஸ்டேர்னும் கெர்லாக்கும் 1922 இல் வெள்ளி அணுக்களுக்கு வைத்த அதே வகைப் புலம்தான், இப்போது மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்கு இடத்துக்குள்.